தஞ்சாவூரில் ஒரு நாள் சும்மா இருப்பது எப்படி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சைக்கிளில் தெற்கே இறங்குபவர்கள் பெரும்பாலும் மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம், கும்பகோணம் என்று ஒவ்வோர் இரவாகத் தங்கி, ஐந்தாம் நாள் தஞ்சாவூருக்கு வந்து சேர்கிறார்கள். மொத்தம் ஏறத்தாழ 330 கிலோமீட்டர். முதல் தடவை போகிறவருக்கு உடம்பு கேள்வி கேட்க ஆரம்பிக்கும் இடமும் இதுதான். பின்பக்கம் எரியும், உள்ளங்கை மரத்துப்போகும், செயினிலிருந்து கீச்சொலி வரும். ஆகவே ஆறாம் நாளை ஓய்வுக்கு என்று ஒதுக்குவது சரி. ஆனால் தஞ்சாவூர் போன்ற ஒரு பழைய ஊரில் ஓய்வு எடுப்பது அவ்வளவு எளிதல்ல. கோயில், அரண்மனை, கடைத்தெரு என்று நாள் முழுக்கச் சுற்றிவிட்டு, மறுநாள் காலை வந்தபோது இருந்ததைவிட மோசமான கால்களோடு பெடலை மிதிப்பவர்கள்தான் அதிகம்.

இந்த ஊருக்கே ஒரு கால அட்டவணை இருக்கிறது. பெரிய கோயில் காலை ஆறு மணிக்குத் திறந்து பன்னிரண்டரைக்குச் சாத்தி, மறுபடி நான்கு மணிக்குத் திறக்கிறது. அந்த மூன்றரை மணி நேரம் கீழவீதியிலும் தெற்கு வீதியிலும் பாதிக் கடைக்காரர்கள் கல்லாவிலேயே கண்ணயர்ந்திருப்பார்கள். ஊர் தூங்கும்போது நீங்களும் தூங்கினால் ஓய்வு நாள் தானாகவே அமைந்துவிடும்.

வந்து சேரும் நாளைச் சின்னதாக வையுங்கள்

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் நாற்பது கிலோமீட்டர்தான். தாராசுரம், பாபநாசம், அய்யம்பேட்டை வழியாக ஒரு மேடு கூடக் கிடையாது. காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால், பாபநாசத்தில் டிபன் சாப்பிட்டும் ஒன்பதரைக்குள் ஊருக்குள் வந்துவிடலாம். இப்படி வந்தால் ஓய்வு ஒரு நாளாக இல்லாமல் கிட்டத்தட்ட இரண்டு பகலாக நீளும். சிதம்பரத்திலிருந்து ஒரே மூச்சில் 115 கிலோமீட்டர் ஓட்டி இரவு ஏழு மணிக்கு வந்து விழுபவருக்கு மறுநாளின் முதல் பாதி களைப்பைத் தீர்க்கவே சரியாகிவிடும்.

தங்குமிடத்தைப் பற்றி இரண்டு விஷயம். ரயில் நிலையத்துக்கும் பழைய பேருந்து நிலையத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் பாருங்கள். அங்கிருந்து கோயில் நடந்துபோகும் தூரம். புதிய பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே திருச்சிச் சாலைப் பக்கம் இருக்கிறது, அங்கே அறை போட்டால் எதற்கும் ஆட்டோதான். இரண்டாவது, வாடகைக் கணக்கு. பழைய லாட்ஜுகளில் பல 24 மணி நேரக் கணக்கில் நடப்பவை: காலை பத்துக்கு நுழைந்தால் மறுநாள் பத்து வரை ஒரு நாள். பெரிய ஓட்டல்களில் பகல் பன்னிரண்டுக்கு மாறும் கணக்கு, சீக்கிரம் வந்தால் காத்திருக்க வேண்டும் அல்லது கூடுதலாகக் கட்ட வேண்டும். காலையில் வந்து சேரும் சைக்கிள்காரருக்கு முதல் வகைதான் பொருந்தும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, "அண்ணே, சைக்கிளை ரூமுக்குள்ள வச்சுக்கலாமா? தொடச்சுட்டுத்தான் எடுத்துட்டுப் போவேன்" என்று கேட்டுவிடுங்கள். தரைத்தளத்து அறை கிடைத்தால் நல்லது. மாடிப்படிக்கு அடியில் வைக்கச் சொன்னால் பின்சக்கரத்தையும் சட்டத்தையும் சேர்த்துக் கம்பியில் பூட்டுங்கள். பம்பு, விளக்கு, மீட்டர் மூன்றையும் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். திருட்டைவிடச் சின்னப் பிள்ளைகள் கியரைத் தட்டிப் பார்ப்பதுதான் அங்கே வழக்கமான ஆபத்து.

முதல் மூன்று மணி நேரம்

அறைக்குள் நுழைந்ததும் கட்டிலில் விழத் தோன்றும். விழுந்தால் மூன்று மணி நேரம் போய்விடும், வியர்வை ஊறிய கால்சட்டையோடு தூங்கிய இடம் மாலையில் கொப்புளமாகும். முதலில் குளியல். குளிக்கும்போதே மெத்தை வைத்த சைக்கிள் கால்சட்டையைப் பக்கெட்டில் அலசிவிடுங்கள். இதை லாண்ட்ரியில் போடவே கூடாது. லாட்ஜுக்கு வரும் சலவைக்காரர் எதைக் கொடுத்தாலும் இஸ்திரி போட்டுத்தான் தருவார். அந்தச் சூட்டில் எலாஸ்டிக் நூல் செத்து, மெத்தை ஒரு பக்கம் சுருங்கி, மடிப்பு விழும். மறுநாள் அந்த மடிப்பின் மேல்தான் ஆறு மணி நேரம் உட்காரப்போகிறீர்கள். சிறிதளவு திரவச் சோப்பில் கையால் கசக்கி, சோப்பு சுத்தமாகப் போகும்வரை மூன்று தண்ணீரில் அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல், காய்ந்த துண்டில் சுருட்டி அதன்மேல் ஏறி நின்று மிதியுங்கள். மெத்தைப் பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி மின்விசிறிக்கு அடியில் தொங்கவிட்டால் ஆறேழு மணி நேரத்தில் காய்ந்துவிடும். மற்ற சட்டை துணிமணியெல்லாம் தாராளமாகச் சலவைக்குப் போகட்டும், ஆனால் அன்று காலையிலேயே கொடுத்துவிடுங்கள். மாலையில் கொடுத்தால் ஈரத்தோடு கைக்கு வரும்.

பிறகு வேட்டியோ கைலியோ கட்டிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளும் காற்று புகும் பருத்தித் துணி தவிர வேறு எதுவும் இடுப்புக்குக் கீழே வேண்டாம். உட்காரும் இடத்தில் சிவந்திருந்தால் மருந்துக்கடையில் குழந்தைகளுக்குப் போடும் துத்தநாக ஆக்சைடு களிம்பு கேட்டு வாங்கி மெல்லியதாகத் தடவுங்கள். முகப்பவுடர் போடாதீர்கள், வியர்வையில் குழைந்து உப்புத்தாள் மாதிரி உரசும். பருவாகக் கிளம்பியிருந்தால் கிள்ளவோ நசுக்கவோ கூடாது; பொவிடோன் அயோடின் போட்டுக் காற்றாட விடுங்கள். பெரிதாகிச் சுற்றிலும் சூடாக இருந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அது மருத்துவர் பார்க்க வேண்டிய கட்டி. அதோடு சீட்டில் ஏறக்கூடாது.

அப்புறம் சாப்பாடு, அப்புறம் தூக்கம், பிற்பகல் மூன்றரை வரை.

சைக்கிள் வேலை வந்த நாளிலேயே

ஓய்வு நாளன்று மாலை ஆற அமர சைக்கிளைத் துடைக்கலாம் என்று தள்ளிப்போடுவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. செயின் தேய்ந்திருக்கிறது என்று மாலை ஆறு மணிக்குத் தெரிந்தால் காலை ஆறுக்குள் என்ன செய்வீர்கள்? வந்த நாள் மாலையே பார்த்துவிட்டால், கடை தேட ஒரு முழு நாள் கையில் இருக்கும். திருச்சியிலிருந்து பேருந்தில் ஒரு பாகத்தை வரவழைக்கக்கூட நேரம் உண்டு.

முதலில் பின்சக்கரத்தின் கியர்ப் பற்களையும், கியர் மாற்றியில் இருக்கும் இரண்டு சின்னப் பற்சக்கரங்களையும் உற்றுப் பாருங்கள். தை, மாசியில் காவிரி டெல்டாவில் வருபவர்களுக்கு இது முக்கியம். சம்பா அறுவடை முடிந்த கையோடு நெல்லையும் வைக்கோலையும் சாலையில் காயப்போட்டிருப்பார்கள். கொஞ்ச நாளில் உளுந்துச் செடியையும் பரப்பிவிடுவார்கள், போகிற வண்டிகள் ஏறி மிதித்து உளுந்து உதிரட்டும் என்று. வைக்கோல் நார் அந்தச் சின்னச் சக்கரத்தின் அச்சில் சுற்றிக்கொண்டால் வெளியே தெரியாது. கியர் மாறுவது மட்டும் சுணங்கும். கேபிள்தான் தளர்ந்துவிட்டது என்று நினைத்து திருகைத் திருகி, இருந்த ஒழுங்கையும் கெடுத்துக்கொள்வார்கள். ஒரு குண்டூசியோ பழைய பல்துலக்கும் பிரஷோ எடுத்து நாரை இழுத்துப் போட்டாலே பாதிக் கோளாறு போய்விடும்.

அடுத்தது செயின். கடற்கரைச் சாலையின் உப்புக்காற்றும் டெல்டாப் புழுதியும் சேர்ந்து கறுப்புப் பசையாகியிருக்கும். மண்ணெண்ணெய் இப்போது எளிதில் கிடைப்பதில்லை; கால் லிட்டர் டீசல் போதும். பெட்ரோல் வேண்டாம், அறைக்குள் அதன் ஆவியே ஆபத்து. டீசலில் நனைத்த துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கி முப்பது சுற்று சுற்றுங்கள், துணியை மாற்றி மறுபடி. பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பு நீரால் கழுவி, காய்ந்த துணியால் துடைத்து, அரை மணி நேரம் உலரவிடுங்கள். ஈரம் இருக்கும்போது எண்ணெய் விட்டால் எண்ணெய் மேலே மிதக்கும், உருளைக்குள் இறங்காது. ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரே ஒரு சொட்டு. செயினில் சுமார் 110 இணைப்புகள் இருக்கும், பொறுமையாகப் போங்கள். பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்து எண்ணெயை முழுக்கத் துடைத்தெடுங்கள். வெளியே பளபளப்பது எல்லாம் நாளைக்குப் புழுதியைப் பிடிக்கும் பசைதான். செயினுக்கென்று விற்கும் எண்ணெய் இல்லையென்றால் தையல் இயந்திர எண்ணெய் ஒரு நாள் ஓட்டத்துக்குத் தாங்கும். தேங்காய் எண்ணெயை மட்டும் விடாதீர்கள், பிசினாகிவிடும். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளானால் இந்த வேலை முடியும்வரை தகட்டை பிளாஸ்டிக் பையால் மூடி வையுங்கள். ஒரு துளி எண்ணெய் பட்டாலும் பிரேக் பேட் வீணாகிவிடும்.

தேய்மானத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. ஒரு இரும்பு ஸ்கேல் போதும். செயினில் இருபத்துநான்கு இணைப்புகள் புதிதாக இருக்கும்போது சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மில்லிமீட்டர். ஒரு பின்னின் நடுவிலிருந்து இருபத்துநான்காவது இணைப்பு முடியும் பின்னின் நடுவுக்கு அளந்து பாருங்கள். 306.3-ஐத் தாண்டினால் பதினொன்று, பன்னிரண்டு கியர் செயினை மாற்ற வேண்டும். எட்டு, ஒன்பது, பத்து கியர் செயினானால் 307 வரை பொறுக்கலாம். அதற்கு மேலும் ஓட்டினால் செயினோடு பின்பல் தொகுதியும் செலவுக்கு வரும்.

டயரை அறை விளக்கில் பார்க்காதீர்கள், வாசலுக்குக் கொண்டுபோங்கள். காற்றைப் பாதியாக இறக்கிவிட்டு, சக்கரத்தை ஒரு சாண் ஒரு சாணாகத் திருப்பி, ரப்பரைக் கட்டைவிரலால் விரித்துப் பாருங்கள். சீமைக் கருவேல முள்ளின் முனை, லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய இரும்புக் கம்பி, கண்ணாடித் துணுக்கு – இந்த மூன்றும் உடனே பஞ்சராக்காது. ஒவ்வொரு சுற்றுக்கும் நூலிழை அளவு உள்ளே போய் மூன்றாம் நாள் மதியம் வேலையைக் காட்டும். குண்டூசியால் நெம்பி எடுங்கள். ஏற்கெனவே பஞ்சரான சக்கரமென்றால் டயரைக் கழற்றி உட்பக்கம் ஒரு பஞ்சுத் துண்டை ஓட்டுங்கள். கம்பி இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும்; விரலால் தடவித் தேடுபவர்களுக்கு ரத்தம்தான் மிச்சம். பழைய டியூப்பை ஒட்டுவதற்கும் இதுதான் நேரம். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஐந்து நிமிடம் காயவிட்டு, தொட்டால் ஒட்டாத பதம் வந்த பிறகே துண்டை வைத்து அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதால்தான் வழியில் ஒட்டிய பஞ்சர்களில் பாதி கழன்றுவிடுகின்றன.

கேரியரைச் சட்டத்தோடு பிணைக்கும் திருகுகளை 4 மில்லிமீட்டர் ஆலன் சாவியால் ஒவ்வொன்றாக இறுக்கிப் பாருங்கள். சுமை ஏறிய சைக்கிளில் முதலில் கழல்வது இவைதான். பிறகு ஸ்போக்ஸ்: இரண்டிரண்டாகப் பிடித்துக் கிள்ளிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றி வாருங்கள். பின்சக்கரத்தில், செயின் இருக்கும் பக்கம் ஏதாவது ஒன்று தொளதொளவென்று இருந்தால் அது கூடிய சீக்கிரம் உடையப்போகிறது என்று பொருள்.

தஞ்சாவூரில் சைக்கிள் கடைக்குப் பஞ்சமில்லை. கீழவாசல் பக்கம் இன்னும் பெட்ரோமாக்ஸ் காலத்துக் கைகளோடு வேலை செய்பவர்கள் உண்டு. கோட்டம் எடுப்பதில், அச்சுக்குக் கிரீஸ் போட்டு பால்ஸ் மாற்றுவதில், பெடல் சத்தத்தை நிறுத்துவதில் அவர்களை மிஞ்ச முடியாது. பின்அச்சில் பெரும்பாலும் கால் அங்குல பால்ஸ்தான், அதுவும் அவர்களிடம் கிடைக்கும். ஆனால் நீங்கள் கொண்டுபோயே ஆக வேண்டியவை சில இருக்கின்றன. அங்கே கிடைக்கும் சாதாரணப் பெரிய சைக்கிளின் ஸ்போக்ஸ் நீளம் உங்கள் சக்கரத்துக்குப் பொருந்தாது, ஆகவே சரியான நீளத்தில் மூன்று கம்பியைச் சட்டத்தோடு டேப் போட்டு ஒட்டிக்கொண்டு வாருங்கள். 28 அங்குல டயர் என்று கடையில் தொங்குவது 635 மில்லிமீட்டர் ரிம்முக்கு; உங்கள் 700 சி என்னும் அளவு ரிம் 622. பெயரைக் கேட்டு வாங்கினால் ஏமாற்றம்தான். ஒல்லியான பிரெஸ்டா வால்வு இருந்தால் அதை மோட்டார்சைக்கிள் வால்வாக மாற்றும் சின்னப் பித்தளை மூடியை இரண்டாகவே வைத்திருங்கள். அது இருந்தால் எந்த பெட்ரோல் பங்கிலும் காற்றுப் பிடிக்கலாம். 32 மில்லிமீட்டர் டயர், பத்துப் பன்னிரண்டு கிலோ சுமை என்றால் பின்னால் 65, முன்னால் 55 பிஎஸ்ஐ என்று தொடங்கிப் பாருங்கள். காற்று அடிக்கும் பையன் பழக்கதோஷத்தில் விட்டுக்கொண்டே போவான், பக்கத்திலேயே நில்லுங்கள்.

கோயில்: காலை ஆறு முதல் எட்டரை

ஓய்வு நாளில் ஒன்றே ஒன்றைப் பார்ப்பதென்றால் பெரிய கோயிலைப் பாருங்கள், அதையும் அதிகாலையில். பக்திக் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும், பாதத்தின் கணக்குக்கும் அதுதான் சரி. ஐந்து நாளாக ஷூவுக்குள் வியர்த்து ஊறிய உள்ளங்கால் மெத்தென்று ஆகியிருக்கும். பத்து மணிக்கு மேல் அந்தத் திறந்த முற்றத்தின் தரையில் வெறுங்காலோடு நடந்தால் கொப்புளம் நிச்சயம். பாதத்தில் விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டில் ஒரு கொப்புளம் வந்தால் அது சரியாகப் பெடல் அழுத்தும் இடத்தில் இருக்கும்.

சைக்கிளை லாட்ஜிலேயே விட்டுவிட்டு ரப்பர் செருப்பில் நடந்து போங்கள். கிளீட் (பெடலில் மாட்டிக்கொள்ளும் அடித்தகடு) வைத்த ஷூ கல் தரையில் வழுக்கும், கிளீட்டும் தேயும். இறுக்கமான சைக்கிள் உடையும் வேண்டாம். வேட்டி அல்லது முழுநீளக் கால்சட்டை, பெண்கள் சுடிதார். செருப்பை வெளியே காப்பிடத்தில் விட்டு, மராட்டியர் வாயிலையும் அடுத்தடுத்து கேரளாந்தகன் திருவாயிலையும் இராசராசன் திருவாயிலையும் கடந்தால் முற்றம். மதிலுக்குள் இருப்பது ஏறத்தாழ 240 மீட்டருக்கு 120 மீட்டர். ஓரமாக ஒரு சுற்று வந்தாலே எழுநூறு மீட்டர் நடை. ஓய்வு நாளுக்கு உடற்பயிற்சியாக அந்த இரண்டு சுற்றே போதும். இறுகிய தொடையில் ரத்தம் ஓட மென்மையான நடையைப் போல எதுவும் இல்லை. அசையாமல் கிடந்தால் மறுநாள் இன்னும் இறுகும்.

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது சொல்வார்கள். விழும். காலை ஏழு மணிக்குச் சூரியன் கிழக்கே இருக்க, சுமார் இருநூறு அடி உயர விமானத்தின் நிழல் மேற்குப் பக்கத்து முற்றத்தில் நீளமாகக் கிடக்கும், தரையும் குளிர்ந்திருக்கும். அங்கேயே போய் உட்காருங்கள். எதிரே அடித்தளத்தில் வரிவரியாக ஓடும் எழுத்து, 1010-இல் இந்தக் கோயிலை முடித்த இராசராசனின் கல்வெட்டுகள். கோயிலில் ஆடிப் பணி செய்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்குக் குடியிருக்க வீடும் ஆளுக்கு ஒரு பங்காக நூறு கலம் நெல்லும் கொடுத்த கணக்கு இங்கே வெட்டப்பட்டிருக்கிறது. வெயில் ஏறியதும் சுற்றியுள்ள திருச்சுற்று மாளிகைக்குள் நகர்ந்துகொள்ளலாம். கருவறையைச் சுற்றியுள்ள சோழர் ஓவியங்களைப் பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்க முடியாது, அதற்காகக் காத்து நிற்க வேண்டாம்.

எட்டரைக்கு வெளியே வந்துவிடுங்கள்.

பகலில் ஒன்று, அதற்கு மேல் வேண்டாம்

டிபன் முடித்து பத்து மணிக்கு மேல் ஓர் இடம் போதும். அரண்மனை என்றால் கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகளும் சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கூரைக்கு அடியில் நடப்பதால் வெயில் இல்லை. விடுமுறை நாளும் உணவு இடைவேளையும் பகுதிக்குப் பகுதி மாறும். முதல் நாளே லாட்ஜில் கேட்டுவையுங்கள். மாடிக்கு மேல் மாடி ஏறும் கோபுரங்களைத் தவிர்த்துவிடுங்கள், முழங்கால் நன்றி சொல்லும். இன்னும் குறைவாக நடக்க விரும்பினால் சிவகங்கைப் பூங்காவை ஒட்டி 1779-இல் கட்டப்பட்ட சுவார்ட்ஸ் தேவாலயம். சாகக் கிடக்கும் பாதிரியார் சுவார்ட்ஸை சரபோஜி மன்னர் வந்து பார்க்கும் காட்சியை வெண்பளிங்கில் செதுக்கி உள்ளே வைத்திருக்கிறார்கள்.

இயந்திரத்தில் ஆசை உள்ளவர்கள் மாலையில் கீழவாசல் பீரங்கி மேட்டுக்குப் போகலாம். நாயக்கர் காலத்து இராசகோபால பீரங்கி ஏழு மீட்டருக்கு மேல் நீளம். இதை வார்க்கவில்லை, இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, மேலே இரும்பு வளையங்களைப் பழுக்கக் காய்ச்சி மாட்டி அடித்து இணைத்திருக்கிறார்கள். பட்டைகள் தெரியும் இடத்தை விரலால் தொட்டே பார்க்கலாம்.

திருவையாறு பதின்மூன்று கிலோமீட்டர்தானே, சும்மா ஒரு சுற்று போய்வரலாமே என்று மனம் சொல்லும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம் ஏறி இறங்கும் அழகான சாலைதான். மறுநாள் ஆற்றோரமாகத் திருச்சிக்குப் போனால் அந்த வழியாகத்தான் போகப்போகிறீர்கள், இன்று விடுங்கள்.

தலையாட்டி பொம்மை வாங்கினால் பையில் திணிக்காதீர்கள். தலையும் உடலும் ஊசிமுனையில் நிற்கும் பொருள், முதல் வேகத்தடையிலேயே போய்விடும். அஞ்சலகத்தில் பார்சல் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அதே பார்சலில் ஐந்து நாளாக நீங்கள் தொடாத பொருள்களையும் போடலாம். இரண்டாவது ஜீன்ஸ், தடிப் புத்தகம், கூடுதல் பூட்டு என்று ஒன்றரை கிலோவாவது தேறும்.

இலையில் என்ன இருக்க வேண்டும்

காலியான தசைச் சர்க்கரை முழுக்க நிரம்ப ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும், அதுவும் மாவுச்சத்து போதுமான அளவு உள்ளே போனால். எடையில் கிலோவுக்கு ஏழு கிராம் என்று வைத்தால் அறுபது கிலோ ஆளுக்கு 420 கிராம். காலை ஆறு இட்லியில் 55, மதியம் நான்கு கப் சோற்றில் 180, மாலை மூன்று பழத்தில் 60, இரவு மூன்று இட்லியும் இரண்டு தோசையும் 80, காப்பிச் சர்க்கரையும் கொஞ்சம் அசோகா அல்வாவும் 45. கணக்கு முடிந்தது. ஆகவே சோற்றைக் குறைத்து உடம்பைக் கட்டுப்படுத்தும் நாள் இதுவல்ல. புரதத்தில்தான் சைவச் சாப்பாடு துண்டுவிழும். மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல், சாப்பாட்டுக்குப் பிறகு கெட்டித் தயிர், முட்டை சாப்பிடுபவர்கள் மூன்று முட்டை என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இட்லிக்குக் கடப்பா கிடைத்தால் கேளுங்கள், பாசிப்பருப்பும் உருளைக்கிழங்குமாகத் தேவையான இரண்டும் அதிலேயே இருக்கின்றன. ஆறின சட்னி, தெருவோரத்து வெட்டுப்பழம், புதிதாக ஒரு பிரியாணி – இவற்றைப் பயணம் முடியும் ஊருக்கு ஒத்திவையுங்கள். ஓய்வு நாளில் தொடங்கும் வயிற்றுப்போக்கு அடுத்த மூன்று நாளைத் தின்றுவிடும். அப்படி ஆனால், அல்லது சிறுநீர் மதியம்வரை அடர்மஞ்சளாகவே இருந்தால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்து மெல்ல மெல்லக் குடியுங்கள். உப்பு அளவு கூடக் கூடாது.

எண்ணெய்க் குளியல் பற்றிச் சிலர் கேட்பதுண்டு. குளிக்கலாம், ஆனால் காலையில் தேய்த்துக் குளித்தால் அன்றைக்கு வெயிலில் போகக் கூடாது என்று பாட்டிகள் சொல்வதைக் கேளுங்கள். அடித்துப் பிசையும் மசாஜ் மட்டும் வேண்டவே வேண்டாம், பழகாத தசை மறுநாள் இன்னும் வலிக்கும்.

இன்னொரு நாள் தேவையா என்று எப்படித் தெரியும்

பயணத்தின் முதல் காலையிலிருந்தே எழுந்தவுடன் படுக்கையிலேயே நாடியை ஒரு நிமிடம் எண்ணி எழுதிவாருங்கள். வழக்கமாக 60 இருப்பவருக்குத் தஞ்சாவூரின் இரண்டாம் விடியலிலும் 70 இருந்தால் உடம்பு இன்னும் மீளவில்லை. மறுநாளும் தங்குவது நல்லது. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கிறது, பின்பக்கம் வலித்தால் உயரம் அதிகம். இரண்டுக்குமே ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் ஒரேயடியாக மாற்றாதீர்கள், பழைய இடத்தில் டேப்பால் குறி போட்டுக்கொண்டு மாற்றுங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்திருந்தால் உள்ளங்கை ஓரத்தில் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்துங்கள், கையை இடம் மாற்றி மாற்றி வையுங்கள். மரத்துப்போனது இரண்டு நாளிலும் போகவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டிவிட்டே கிளம்புங்கள்.

கிளம்பும் முன்மாலை

ஐந்தரை மணிக்குப் பைகளை முழுக்கக் கட்டி, அதே சுமையோடு கல்லணைக் கால்வாய் ஓரமாக ஐந்து கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். வெறும் சைக்கிளில் சரியாக விழும் கியர், சுமை ஏறியதும் சறுக்கலாம். இரண்டு பிரேக்கையும் ஒரு தடவை அழுத்தமாகப் பிடியுங்கள், எல்லாக் கியரையும் ஏற்றி இறக்குங்கள், நின்றுகொண்டு மிதித்துப் பாருங்கள். சத்தம் வந்தால் இப்போது கடை திறந்திருக்கும். திரும்பி வந்து லாட்ஜ் கணக்கை இரவே முடித்துவிடுங்கள். விடியற்காலையில் கதவைத் திறக்க யாரை எழுப்ப வேண்டும் என்றும் கேட்டுவையுங்கள். பூட்டிய கம்பிக்கதவுக்கு உள்ளே நின்றபடி அரை மணி நேரத்தை இழப்பது எல்லாருக்கும் நடப்பதுதான்.

மறுநாள் திருச்சிக்கு நெடுஞ்சாலை வழியாக 56 கிலோமீட்டர். லாரி, பேருந்தோடு போக வேண்டும். திருவையாறு, திருக்காட்டுப்பள்ளி, கல்லணை வழியாக ஆற்றோரமே போனால் தூரம் கூடும், மரநிழலும் கூடவே வரும். ஓய்வுக்குப் பிந்தைய முதல் பத்து கிலோமீட்டருக்குக் கால் கல்லாகக் கனக்கும். அது வழக்கம்தான், இலேசான கியரில் நிமிடத்துக்கு எண்பது சுற்று என்று மிதித்துக்கொண்டே போனால் குடமுருட்டிப் பாலம் ஏறுவதற்குள் இளகிவிடும். வைக்கோல் பரப்பிய இடம் வந்தால் மிதிப்பதை நிறுத்தி உருட்டிக் கடந்துபோங்கள்.